தம்பியின் எடையும் பூமியின் எடையும்

நடந்தவை:

1. சித்திரைக் கடைசியில் எனக்குத் தம்பி பிறந்தான்.
2. மழை பிடித்தது. மேல் டிவிசனுக்குப் போகும் மரப்பாலத்தை ஆறு இழுத்துக்கொண்டு போனது.
3. பூமியின் பாரம் கூடுகிறதா, குறைகிறதா என்று நம் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.
4. தம்பி பால் குடித்தான். குடிக்கக் குடிக்க எடை குறைந்தான்.
5. பூண்டுலோயாவிலிருந்து அத்தை வந்தாள், அவனை எடுத்துப்போய் வளர்க்க.
6. ஒரே ஒரு நாள் வெயில் அடித்தது.
7. எங்கள் வீட்டு அம்மிக் குழவி வீட்டை விட்டுப் போனது. அது மட்டும் திரும்பி வரவில்லை.

எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். அப்போதே நீங்கள் இதற்காக என்னைக் கேலி செய்வீர்கள். இப்போது ஆளுக்கொரு திசையில் இருக்கிறீர்கள். சிலர் அட்டனில், சிலர் நுவரெலியாவில், சிலர் கொழுந்து எடுக்கிறீர்கள், சிலர் இந்தியாவுக்குப் போய்விடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நமக்கு ஒன்றும் வயதாகிவிடவில்லை. ஆனாலும் அந்த மழைக்காலத்தை நினைத்தால் மிகவும் வயதான ஒருத்தியைப் போல் ஆகிவிடுகிறேன்.

நான் இப்போது ஒரு தேயிலைச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் வரும் கொழுந்தை நிறுத்து, சூட்டுப் பெட்டியில் காயவைத்து, மறுபடி நிறுப்பேன். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம் இலையில் இருந்த தண்ணீர். இதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறேன். தராசு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலும் அதன் முள் தயங்கும். முள் நிற்கும்வரை காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் ஜன்னலுக்கு வெளியே மலை மீது மூட்டம் ஏறுவதைப் பார்ப்பேன். அப்போது கம்பளி வாசம் வரும். அறையில் கம்பளி ஏதும் கிடையாது. இருந்தாலும் வரும்.

நனைந்த கம்பளி உங்களுக்கு நினைவிருக்கும். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மா அதைக் கழற்றி அடுப்புக்கு மேலே கொடியில் போடுவாள். சற்று நேரத்தில் அதிலிருந்து ஆவி எழும். ஆட்டு மயிரும் புகையும் தேயிலைச் சாறும் கலந்த வாசம். தம்பி பிறந்த பிறகு அதில் வசம்பு வாசமும் பால் வாசமும் சேர்ந்தன. லயம் என்ற வரிசை வீட்டில் எங்கள் காம்பரா ஒரே அறை. ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. அதன் வழியாக மூட்டம் உள்ளே வந்து, எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவு வழியாகப் போகும். மழை கூரையில் விழும்போது பேச முடியாது. கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வோம். அந்த இரைச்சலுக்கு நடுவில் தம்பி மட்டும் நிம்மதியாகத் தூங்குவான். அவன் கை எப்போதும் ஒரு முழுச் சாத்துக்குடியைப் பிடிப்பதுபோல் பாதி மூடியிருக்கும்.

அவன் பிறந்த அன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டப் பகுதியான மேல் டிவிசனிலிருந்து மருத்துவச்சி தட்டுத் தராசு கொண்டுவந்து நிறுத்தாள். ஏழு ராத்தல், மூன்று கிலோவுக்குச் சற்று மேல். "ராசா மாதிரி இருக்கான், ஒங்களுக்கு என்னா கொற?" என்று சொல்லிவிட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு போனாள். மறு வாரம் பாலம் போய்விட்டது.

பள்ளிக்கூடத்துச் சண்டை அந்த வாரத்தில்தான் தொடங்கியது. மாஸ்டரின் மேசையில் தகரத்தில் செய்த உலக உருண்டை ஒன்று இருந்ததே, ஞாபகமா? வருடா வருடம் பிள்ளைகள் நகத்தால் தொட்டுத் தொட்டுக் காட்டியதில் நம் தீவு தேய்ந்து வெறும் தகரம் தெரியும். இருக்கிற இடம் தெரியாத நாட்டில் நாம் இருந்தோம். அந்த உருண்டையைச் சுழற்றிக்கொண்டே கங்காணி மகள்தான் ஆரம்பித்தாள்.

"லாரி லாரியா தேயில கொழும்புக்குப் போகுதுல்ல? அப்ப மல லேசாயிக்கிட்டேதான் வரணும். ஒரு நாளைக்குப் பஞ்சு மாதிரி பறக்கப் போவுது பாரு."

"அதெப்புடி லேசாகும்?" என்று நான் எழுந்தேன். "புள்ளைங்க பொறக்குதே. எங்க வீட்லயே ஒண்ணு கூடிருச்சு. அது ஏழு ராத்தல்."

"அடியேய், ஒங்க தம்பிக்கும் மலைக்கும் என்னாடி பேச்சு?"

"ஏழு ராத்தல் முந்தி எங்க இருந்துச்சு? இல்லயே. இப்ப இருக்குல்ல?"

வகுப்பு இரண்டானது. பாரக் கட்சிக்கு நான் தலைவி, லேசுக் கட்சிக்கு அவள். சத்தம் தாங்காமல் மாஸ்டர் வந்து தீர்ப்புச் சொன்னார். "சனம் பெருகப் பெருக பூமிக்குப் பாரம் கூடத்தான் செய்யும். அதத் தாங்க முடியாமத்தான் பூமாதேவி கடவுள்கிட்டப் போயி அழுதா. போதுமா? வாய்ப்பாட்ட எடுங்க."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்ததிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் காம்பரா அக்கா தன் புருஷனைத் திட்டும்போதெல்லாம் "பூமிக்குப் பாரமா இருக்கியே" என்பாள். அது சும்மா திட்டு என்றுதான் இருந்தேன். மாஸ்டரே சொன்ன பிறகு அது கணக்காகிவிட்டது. நம் லயமோ சரிவில் நிற்கிறது. கீழே ஆறு கத்துகிறது. தம்பி தொட்டிலில் அசையும்போதெல்லாம் தரை கொஞ்சம் அழுந்துவதுபோல் இருக்கும்.

எங்கள் டிவிசனில் அந்தப் பருவத்தில் கைக்குழந்தை என்று இருந்தது தம்பி ஒருவன்தான். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிஸ்பென்சர் ஐயா பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாலம் இல்லாததால் ரோடு வழியாகச் சுற்றி நடந்து வருவார். அவ்வளவு தூரம் தட்டுத் தராசைச் சுமந்து வர முடியாது. ஆகவே பாலம் திரும்பக் கட்டும்வரை குழந்தையைக் கொழுந்து மடுவத்திலேயே நிறுப்பது என்று முடிவாயிற்று.

மடுவம் என்றால் நான்கு தூண், ஒரு தகரக் கூரை. நடுவில் கொக்கித் தராசு. பெண்கள் கூடையில் இருக்கும் கொழுந்தைச் சாக்கில் கொட்டி வரிசையாக வருவார்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். தராசின் முகமும் முள்ளும் கணக்கப்பிள்ளை பக்கம். பெண்களுக்குத் தெரிவது அதன் துருப்பிடித்த முதுகு. கணக்கப்பிள்ளை முள்ளை ஒரு பார்வை பார்ப்பார், உடனே எடையைக் கூவுவார். அவர் கூவுவதுதான் எடை.

அந்த வரிசையின் நடுவில் அம்மா தம்பியைக் கொண்டுபோனாள். நல்ல மழை. கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை. புதுச் சாக்கு ஒன்றை உதறி, அதற்குள் தன் துண்டை விரித்து, "வாங்க தொரை, வாங்க" என்று தம்பியை அவரே வாங்கி உள்ளே வைத்தார். சாக்கு கொக்கியில் தொங்கியது. அதன் வாயிலிருந்து ஒரு சிவந்த கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆறு!" என்றார் கணக்கப்பிள்ளை.

சிரிப்பு நின்றது. டிஸ்பென்சர் ஐயா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்தார், கன்னத்தை அழுத்திப் பார்த்தார்.

"பொறந்தப்ப ஏழுன்னாங்களே?"

"ஆமாங்க ஐயா."

"பால் ஒட்டல. ஒனக்கு ஒடம்புல சத்து இல்ல தாயி."

"நல்லாக் குடிக்கிறானுங்களே. கையில கனக்குறானுங்க ஐயா."

"கை என்னா தராசா? இந்தக் கன்னம் உப்பியிருக்கறது சத இல்ல, நீர். பாத்துக்க."

அம்மா தம்பியை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவள் கை ஒரு முறை மேலும் கீழுமாக அசைந்தது. அவளாகவே நிறுத்துப் பார்த்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்று அவனைத் தாலாட்டுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. தம்பி லேசாகிக்கொண்டு வருகிறான். மலைக்கு ஆபத்து இல்லை.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. அடுத்த முறை இன்னும் பெரிய மழை. மறுபடியும் "ஆறு!" என்றார் கணக்கப்பிள்ளை. இத்தனை நாள் பால் குடித்தும் ஒரு ராத்தல்கூட ஏறவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா அம்மாவுக்குச் சுறாக் கருவாடும் பூண்டும் கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ கண்ணேறு என்றார்கள். யாரோ மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அப்பாவின் தங்கைக்குக் கலியாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. பூண்டுலோயா கடைவீதியில் மாமா தையல் மெஷின் வைத்திருந்தார். அங்கே பால்மா கிடைக்கும், டாக்டர் இருக்கிறார், மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை. தம்பியை எடுத்துப்போய் வளர்க்கும்படி அப்பா லாரிக்காரர் மூலம் தங்கைக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

அத்தை வருவதற்கு முன் இரண்டு சின்ன விஷயங்கள் நடந்தன.

ஒன்று, பீலியடியில். மூங்கில் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் குடத்தை வைத்துவிட்டுக் கங்காணி மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"நா தோத்துட்டேன்டி. தேயில கப்பல்ல போனாலும் பூமியிலதானே போவுது? வானத்துக்கா போவுது? அப்ப எப்புடிக் கொறையும்?"

"அப்ப நா ஜெயிச்சேன்."

"நீயும் தோத்துட்ட. ஒங்க தம்பி வயித்துக்குள்ள வளந்தப்ப ஒங்கம்மா என்னா தின்னாங்க?"

"ரொட்டி. சோறு. கீர."

"அதெல்லாம் எங்க வெளஞ்சுச்சு? நெலாவுலயா? பூமியில இருந்தத எடுத்துத்தானே ஒங்க தம்பியச் செஞ்சாங்க? ஒங்க தம்பியும் பழைய சாமான்தான்டி!"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. அன்று முதல் நமக்குள் ஒரே கட்சிதான்.

மற்றது, ஃபெக்டரியில். அப்பா இலை வாட்டும் மேல்மாடியில் வேலை செய்தார். அவருக்குச் சோறு கொண்டுபோன நான் அங்கேயே சற்று உட்கார்ந்திருந்தேன். அடுக்கடுக்கான சாக்குத் தட்டுகளில் இலை மெல்லிதாகப் பரவிக் கிடக்கும். அனல்காற்று அடியிலிருந்து வரும். வெட்டிய புல்லும் பழுத்த ஆப்பிளும் சேர்ந்தாற்போல் வாசம். அந்தச் சூட்டில் எனக்குக் கண் சொருகும். தட்டுகள் எல்லாம் பச்சை வயல்களாகி, ஒன்றின் மேல் ஒன்றாக வானம்வரை போவதுபோல் இருக்கும்.

"நாலு மூட்ட கொழுந்து மேல வந்தா ஒரு மூட்ட தூள்தானே கீழ போகுது," என்றேன். "மிச்ச மூணு மூட்ட எங்கப்பா?"

அப்பா வாயில் சோற்றோடு ஜன்னலைக் காட்டினார். "அந்தா நிக்குது பாரு."

வெளியே மூட்டம் நின்றது.

"பெரும்பாலும் தண்ணிதான். காத்துல போகுது, மழையா வருது, ஒங்கம்மா கூடையில ஏறி மறுபடி உள்ள வருது. கணக்கப்புள்ள அதுக்குத்தான் மழைக்கு ரெண்டு ராத்தல், பெருமழைக்கு மூணு ராத்தல்னு எடையில கழிக்கிறாரு. அவரு கழிக்கக் கழிக்க அதுவும் வந்துக்கிட்டேதான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டுக் குழந்தையைப் பற்றிப் பேசுகிறோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அத்தை பகல் பஸ்ஸில் வந்தாள். ஒரு ராத்தல் பால்மா டின், படகுபோல் இரண்டு பக்கமும் வாய் வைத்த கண்ணாடிப் பால்போத்தல், மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய தொப்பி ஒன்று. தொப்பியில் பாச்சா உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. "என்னா அத்த, நாறுது" என்றேன். அவள் முகம் சிவந்து, தொப்பியை வெளித் திண்ணையான இஸ்தோப்பின் கம்பத்தில் காற்றாட மாட்டினாள். புதிதாகப் பின்னியதில் பாச்சா உருண்டை வாசம் வராது. அதை அவள் எத்தனை வருடம் பெட்டிக்குள் வைத்திருந்தாள் என்று நான் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

அவள் தம்பியை வாங்கியதும் மழை இரைச்சலுக்கு மேலே அவனோடு பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே பால் கரைத்தாள், துணி மாற்றினாள், எண்ணெய் தேய்த்தாள். அம்மா வேலைக்குப் போய் வந்தாள்.

"அண்ணி, நீங்க மனசு விட்றாதீங்க. கொஞ்சம் தேறுனதும் கொண்டாந்து காட்டுறேன்."

"ம்."

"என் வயித்துல பொறந்த மாதிரி வளப்பேன் அண்ணி."

"தெரியும் தாயி," என்றாள் அம்மா.

டிஸ்பென்சர் ஐயா வந்து ஒரு முறை பார்த்ததும், மறுநாள் பஸ்ஸில் தம்பியைக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. அவர் வந்த நாளில்தான் அந்த வெயில்.

அதைப் போல ஒரு வெயிலை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. விடியும்போதே மூட்டம் பள்ளத்தாக்கில் படுத்திருந்தது. மலைகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் மின்னின. லயத்தில் எல்லாரும் கம்பளியும் பாயும் தலையணையும் வெளியே போட்டார்கள். கூரைகளிலிருந்து ஆவி எழுந்தது. லயமே மெல்ல வானத்துக்குப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பகல் நிறுவைக்குள் கொழுந்தும் காய்ந்துவிட்டது. கொக்கியில் தம்பி தொங்கினான்.

"பத்து!"

யாராலும் நம்ப முடியவில்லை. கணக்கப்பிள்ளையே இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "பத்துதான்" என்றார். டிஸ்பென்சர் ஐயா அத்தையைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தியா? ரெண்டு நாள் டின் பால். நாலு ராத்தல்! இனி இங்க வச்சிருந்தா அது புள்ளைக்குச் செய்யிற துரோகம்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா தன் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். அவளை யாரும் பார்க்கவில்லை, நான் தவிர.

வீட்டுக்கு வந்ததும் நான் பால்மா டின்னைக் கையில் எடுத்தேன். பாதிக்கு மேல் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய சாமான்தான் என்று கங்காணி மகள் சொன்னாளே. அப்படியானால் நாலு ராத்தல் பழைய சாமான் எங்கிருந்து வந்தது?

ஃபெக்டரியிலிருந்து அப்பா வந்ததும் கேட்டேன். அத்தையும் இருந்தாள்.

"அப்பா, இந்த டின்னு முழுசா இருந்தாலும் ஒரு ராத்தல்தானே?"

"ஆமா."

"இதுல பாதி தின்னுட்டு எப்புடி நாலு ராத்தல் ஏறுவான்?"

"தண்ணி ஊத்தித்தானேடி கரைக்கிறேன்," என்றாள் அத்தை சிரித்துக்கொண்டே. "தண்ணிக்கு எட இல்லயா?"

"தண்ணி உள்ள இருந்தாத்தானே அத்த? நீங்கதான் நேத்து பூரா துணி அலசுனீங்க."

அத்தை சிரிப்பை நிறுத்தவில்லை. அப்பா நிறுத்திவிட்டார். டின்னை வாங்கி ஆட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு அம்மிமேல் இருந்த குழவியைத் தூக்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு மடுவத்துக்கு நடந்தார். நானும் ஓடினேன்.

கடைசி நிறுவை முடிகிற நேரம். இன்னும் வெயில் இருந்தது.

"இதயும் கொஞ்சம் பாருங்க ஐயா."

கணக்கப்பிள்ளை பார்த்தார். "பதினொண்ணு. என்னாப்பா, இனி கல்லையும் வாட்டப் போறியா?"

"பாக்கணும்ங்க. வத்துதா இல்லையான்னு."

அன்று சாயந்தரம் வானம் சுத்தமாக இருந்தது. நோட்டன் பிரிட்ஜ் ஊர்ப் பக்கம் மின்சார விளக்குகள் சின்னச் சின்னதாக எரிந்தன. அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் நின்றாள். அத்தை உள்ளே அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு எரிநட்சத்திரம் விழுந்தது. மலைக்குப் பின்னால் யாரோ தீக்குச்சியை உரசி எறிந்த மாதிரி.

"பச்சையப் பாரு, பச்சையப் பாரு," என்று அம்மா என் தலையைத் திருப்பினாள். எரிநட்சத்திரம் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கெடுதல். எங்கே திருப்பினாலும் பச்சைதான். சரிவு சரிவாகத் தேயிலை. அதைவிட அதிகமாகப் பச்சையை யாரும் பார்த்திருக்க முடியாது. அம்மா தம்பியின் முகத்தையும் மெல்லத் தேயிலைப் பக்கம் திருப்பினாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"போயிருவானா அம்மா?"

"தராசு சொல்லுதே," என்றாள் அம்மா.

மறுநாள் விடிந்தபோது மழை. சாதாரண மழை இல்லை, முன்தினத்து வெயிலுக்கும் சேர்த்துப் பெய்த மழை. அத்தை மூட்டையைக் கட்டினாள். பஸ் பகலுக்குத்தான். ரோட்டுக்குப் போகும் வழியில்தான் மடுவம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிறுவை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பெண்கள் நனைந்த சாக்குகளை மாட்ட மாட்ட, கணக்கப்பிள்ளை நிறுத்தாமல் கூவிக்கொண்டிருந்தார். அப்பா வரிசையில் புகுந்து ஒன்றும் சொல்லாமல் தன் சாக்கையும் மாட்டினார்.

"எட்டு! அடுத்த ஆளு வா."

அப்பா சாக்கை இறக்கவில்லை. வாயை விரித்து உள்ளே இருந்ததைக் காட்டினார். குழவி.

"நேத்து இதே கல்லுக்குப் பதினொண்ணுன்னீங்க ஐயா. ராத்திரியில எளச்சுருச்சா?"

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். முள் பதினொன்றில்தான் நின்றது. பெருமழைக்கு மூன்று. அவர் அதைக் கழித்தது அவருக்கே தெரியாது. அத்தனை வருடமாகக் கண் பார்க்கும்போதே நாக்கு கழித்துவிடும். தம்பிக்கும் அப்படித்தான் கழித்திருந்தார். ஒரு முறை இரண்டு, ஒரு முறை மூன்று. வெயில் அடித்த அன்று கழிக்க ஒன்றும் இல்லை.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு மடுவமே சிரித்தது.

"கல்லுக்குப் பால் பத்தலடி!"

"பூண்டுலோயாவுக்கு அனுப்பு, தேறிரும்!"

"டிஸ்பென்சர் ஐயாவக் கூப்புட்டுக் கன்னத்த அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க!"

கணக்கப்பிள்ளையும் கடைசியில் சிரித்துவிட்டார். "எம் புத்திய..." என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. தம்பியை அத்தை கையிலிருந்து வாங்க அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள், வாங்கவும் செய்தாள். வாங்கியபோது மறுபடியும் அந்தக் கை மேலும் கீழும் ஒரு முறை அசைந்தது.

அத்தை தூணோரமாக நின்றாள். ஒரு கையில் மூட்டை, மறு கை குழந்தையை ஏந்திய நிலையிலேயே மடங்கியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது.

வரிசையின் கடைசியில் நின்ற கிழவி ஒருத்தி அப்போதுதான் கேட்டாள். "கல்லு நனையாதுன்னு இப்பத் தெரிஞ்சுச்சு. எங்க கொழுந்து எவ்வளவு நனையும்னு ஒங்களுக்கு எப்புடிங்க ஐயா தெரியுது?"

கணக்கப்பிள்ளை "அடுத்த ஆளு" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் கண்ணாடிப் பெட்டித் தராசின் முன் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் அது பெரிய பேச்சு. ஆனாலும் இலையின் ஈரத்தை நிறுத்துத்தான் சொல்ல முடியும், பார்த்துச் சொல்ல முடியாது என்று ஒவ்வொரு நாளும் எழுதிக்கொடுக்கிறேன்.

குழவியை அப்பா எடுக்கப்போனபோது பெண்கள் விடவில்லை. "இங்கயே கெடக்கட்டும் அண்ணே. மழ பெஞ்சா மொதல்ல இத மாட்டிப் பாத்துட்டு அப்பறம் எங்களது" என்றார்கள். அது அங்கேயே கிடந்தது. மடுவத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது எங்கே போனதோ தெரியவில்லை. அம்மா பிறகு ஆற்றுக்கல் ஒன்றை வைத்து அரைத்தாள். எங்கள் வீட்டுச் சம்பலில் அதற்குப் பிறகு சற்று மணல் கடிபடும்.

பஸ் வரும் நேரமாயிற்று. அம்மா அத்தையிடம் போனாள். "இந்தா, ரோடு வரைக்கும் நீயே தூக்கிட்டு வா" என்று தம்பியைக் கொடுத்தாள். அந்த மழையில் அத்தை அவனை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அம்மா தான் நனைந்துகொண்டு அவர்கள் இருவர் மேலும் கம்பளியைப் பிடித்தபடி பின்னால் போனாள். நான் டின்னைச் சுமந்தேன். பஸ்ஸில் ஏறும்போது அத்தை தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, டின்னையும் தொப்பியையும் எங்களிடமே விட்டுவிட்டாள். படகுப் போத்தலை மட்டும் கொண்டுபோனாள். ஏன் அதைக் கொண்டுபோனாள் என்று யாரும் கேட்கவில்லை.

நம் சண்டைக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். பூமியின் எடைக்கு வரவு உண்டு. அம்மா பச்சையைப் பார்க்கச் சொன்ன அந்த எரிநட்சத்திரக் கல்லும், கண்ணுக்குத் தெரியாத தூசியும் வானத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. செலவும் உண்டு. காற்றின் மேல் விளிம்பிலிருந்து மிக லேசான வாயுக்கள் நழுவி வெளியே போகின்றன. எந்தப் பக்கம் கூடுதல் என்பதை ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். எதுவானாலும் பூமிக்கு அது ஒரு பொருட்டில்லாத அளவு. நாம் இரண்டு பக்கத்திலும் இல்லை. மரம் வளர்வது, பிள்ளை பிறப்பது, இலை வாடுவது, விறகு எரிவது, ஆள் சாவது எல்லாம் ஒரு கையில் இருந்ததை மறு கைக்கு மாற்றுவதுதான். மாஸ்டர் சொன்னது தவறு. நாம் யாரும் பூமிக்குப் பாரம் இல்லை. கங்காணி மகள் இதைப் படித்தால் அவளுக்கும் சொல்கிறேன்: நீ இந்தியாவுக்கே கப்பலில் போனாலும் பூமியில்தான் போகிறாய்.

இப்போதைய நிலவரம் இது. பாலம் இரும்பில் கட்டியாகிவிட்டது. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். மாமா காலமாகிவிட்டார். தம்பிக்குப் பெரிய பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது, அத்தைக்குத் துணை வேண்டியிருந்தது. போகிறேன் என்று அவனே சொன்னான். போன தை மாதத்திலிருந்து அவன் பூண்டுலோயாவில் இருக்கிறான். என்னைவிட உயரம். லீவில் வந்தால் அம்மா அவன் கையைப் பிடித்து, மேலும் கீழும் ஒரு முறை அசைத்துப் பார்க்கிறாள். பூமியின் எடையில் இதனால் மாற்றம் ஏதும் இல்லை.